நாள்வழியும் பேரேடும்: தொடர் கருச்சிதைவுக்குப் பெயர் வந்த வரலாறு

மலர்க்குழு அன்பர்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல வந்தவாசிப் பக்கத்துக் கல்வெட்டுகளைப் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். இந்தத் தடவை வேறு பொருள் எடுத்திருக்கிறேன். பெண்கள் அடுக்களையில் மட்டும் குரல் தாழ்த்திப் பேசுகிற பொருள். ஆண்கள் பேசுவதே இல்லை. ஆனால் இதற்கும் வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் சென்னையும் வருகிறது, நம் தில்லியும் வருகிறது. நான் மருத்துவன் அல்லன்; ஆரணிப் பட்டு விற்கிற வியாபாரி. படித்ததையும் கேட்டதையும், குடும்பத்தாரின் அனுமதியோடு எங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுகிறேன்.

வியாபாரிக்கு இரண்டு கணக்குப் புத்தகம் தெரியும். ஒன்று நாள்வழி. அன்றன்றைக்கு நடந்த வரவு செலவை அன்றைக்கே எழுதி வைப்பது. மற்றது பேரேடு. ஆள் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நாள்வழியிலிருந்து எடுத்து அந்தப் பக்கத்தில் பதிவது. நாள்வழியில் மட்டும் எழுதிவிட்டுப் பேரேட்டில் பதியாமல் விட்டால், ஒருவர் மூன்று தடவை கடன் வாங்கியிருப்பார். நமக்கோ மூன்று தனித்தனி நாட்கள்தான் கண்ணில் படும். ஆளைக் காணோம். கர்ப்பம் தங்காமல் போகும் பெண்ணுக்கு உலகம் நெடுங்காலம் செய்தது இதுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முன்னோர் அறிந்தது

கரு ஒரு தடவை கலைவது வேறு, மீண்டும் மீண்டும் கலைவது வேறு என்பதை நம் நாட்டு மருத்துவர்கள் வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள். சுசுருத சம்ஹிதை நான்காம் மாதம் வரையில் போவதைக் கர்ப்பஸ்ராவம் என்றும், உடல் திரண்ட பிறகு ஐந்து, ஆறாம் மாதங்களில் போவதைக் கர்ப்பபாதம் என்றும் பிரிக்கிறது. இன்றைய மருத்துவர்களும் முதல் மூன்று மாத இழப்பையும் நடு மாத இழப்பையும் தனித்தனியாகத்தான் ஆராய்கிறார்கள். ஏனென்றால் காரணங்கள் வேறு.

இதோடு நிற்கவில்லை. சரகரும் சுசுருதரும் பெண்ணுறுப்பு நோய்களை வரிசைப்படுத்தும் இடத்தில் 'புத்திரக்னி' என்று ஒன்றைச் சொல்கிறார்கள். கரு உண்டாகி உண்டாகி அழிகிற நிலை அது. ஆக, 'மீண்டும் மீண்டும்' என்பது நோயின் இலக்கணத்திலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைக் கவனியுங்கள். பிள்ளையைக் கொல்பவள் என்று பொருள்படும் பெண்பாற் சொல். நோயைக் கண்டுபிடித்தார்கள், கூடவே குற்றத்தையும் பெண் தலையில் வைத்தார்கள்.

இலக்கியத்திலும் இந்தத் துயரம் இருக்கிறது. சமண ஆகமங்களில் ஒன்றான அந்தகிருத்தசாவில் சுலசை என்று ஒருத்தி வருகிறாள். இவளுக்கு இறந்த குழந்தைகளே பிறக்கும் என்று சிறுவயதிலேயே நிமித்திகன் சொல்லிவிடுகிறான். அவள் அரிணைகமேசி என்னும் தேவனை வணங்குகிறாள். அவன் இரங்கி, தேவகி பெற்ற உயிருள்ள ஆறு பிள்ளைகளை இவளிடம் சேர்க்கிறான். எங்கள் திகம்பர மரபில் கி.பி. 783இல் ஜினசேனர் முடித்த அரிவம்ச புராணத்திலும் இதே கதை வேறு பெயரோடு உண்டு. சைவர்களுக்குத் தஞ்சைப் பக்கம் திருக்கருகாவூர் இருக்கிறது. கருவைக் காக்கும் ஊர் என்று ஊர்ப் பெயரே சொல்கிறது. சமயம் எதுவானால் என்ன, பயம் ஒன்றுதானே.

கணக்கில் வராத உயிர்

இனி ஐரோப்பாவுக்குப் போவோம். இன்று உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் நோய்க்கு எண் போடும் முறை அங்கேதான் தொடங்கியது. பாரிஸ் நகரத்துப் புள்ளியியலாளர் ழாக் பெர்த்தியோன் தயாரித்த பட்டியலைப் பன்னாட்டுப் புள்ளியியல் கழகம் 1893இல் சிகாகோவில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது இறப்புக் காரணங்களின் பட்டியல். பிரசவத்திலோ கருச்சிதைவிலோ தாய் இறந்தால் அவள் அந்தப் பட்டியலில் இடம் பெறுவாள். கரு போய், தாய் பிழைத்து வீடு திரும்பினால் எந்த வரியிலும் வரமாட்டாள்.

1948இல் உலக சுகாதார நிறுவனம் இந்தப் பொறுப்பை ஏற்று ஆறாவது திருத்தத்தை வெளியிட்டது. அப்போதுதான் இறப்போடு, உயிரோடிருப்பவர்களின் நோய்களுக்கும் பட்டியலில் இடம் கிடைத்தது. பன்னாட்டு நோய் வகைப்பாடு, சுருக்கமாக ஐ.சி.டி., என்று இன்று சொல்வது இதன் வழிவந்ததைத்தான்.

நம் நாட்டிலும் நிலைமை இதுதான். 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி உயிரோடு பிறந்ததும் பதிவாகும், இறந்து பிறந்ததும் பதிவாகும். மூன்றாம் மாதத்தில் கலைந்தது பிறப்பிலும் இல்லை, இறப்பிலும் இல்லை. அதற்கு இருக்கிற ஒரே சாட்சி ஆஸ்பத்திரிக் காகிதம். அந்தக் காகிதத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பது அதனால்தான் பெரிய விஷயமாகிறது.

ஒரு தப்புக் கணக்கு

எண்ணாமல் விடுவது ஒரு தீங்கு என்றால், தப்பாக எண்ணுவது இன்னொரு தீங்கு. 1938இல் இங்கிலாந்தைச் சேர்ந்த மால்பாஸ் என்ற மருத்துவர் ஒரு கணக்குப் போட்டார். மூன்று முறை தொடர்ந்து கரு கலைந்த பெண்ணுக்கு நான்காவதும் கலைய நூற்றுக்கு 73 வாய்ப்பு என்றார். இது பெண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து எண்ணிய கணக்கு அல்ல. சில அனுமானங்களை வைத்துக் காகிதத்தில் போட்டது. ஆனாலும் பாடப்புத்தகங்களில் ஏறிவிட்டது. மூன்று இழந்தவளுக்கு நம்பிக்கை கால் பங்குதான் என்று ஒரு தலைமுறை மருத்துவர்கள் நம்பினார்கள்.

இதனால் என்ன ஆயிற்று? வியாபாரிக்கு உடனே விளங்கும். நூற்றுக்கு 27 பேர்தான் பிள்ளை பெறுவார்கள் என்று வைத்துக்கொண்டால், எந்த மருந்தைக் கொடுத்தாலும் 70 பேர் பெறும்போது அது அற்புத மருந்தாகத் தோன்றும். மருந்தே கொடுக்காவிட்டாலும் அந்த 70 பேர் பெற்றிருப்பார்கள் என்பது யாருக்கும் தெரியாது. 1940களில் பாஸ்டன் நகரத்து ஸ்மித் தம்பதியர் டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கை ஹார்மோனைக் கர்ப்பம் தங்குவதற்கென்று பரிந்துரைத்தார்கள். 1953இல் சிகாகோப் பல்கலைக்கழகத்து டீக்மன் குழுவினர் கர்ப்பிணிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இந்த மருந்தையும் மற்றதற்கு வெறும் மாத்திரையையும் கொடுத்துப் பார்த்து, இதனால் பயன் ஒன்றும் இல்லை என்று காட்டினார்கள். அப்படியும் விற்பனை நிற்கவில்லை. 1971இல், இந்த மருந்தைச் சாப்பிட்ட தாய்மாருக்குப் பிறந்த பெண் பிள்ளைகளுக்கு இளவயதிலேயே அபூர்வமான புற்றுநோய் வருவதை பாஸ்டனில் ஹெர்ப்ஸ்ட் என்ற மருத்துவர் வெளியிட்ட பிறகுதான், கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசு எச்சரித்தது.

தப்புக் கணக்கைத் திருத்தியவர்கள் கனடாவில் மான்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாரதி வார்பர்ட்டன் அம்மையாரும் கிளார்க் ஃபிரேசரும். 1964இல் அவர்கள் உண்மையான குடும்பங்களின் கர்ப்ப வரலாறுகளைத் தொகுத்து எண்ணினார்கள். ஒன்று கலைந்தவளானாலும் மூன்று கலைந்தவளானாலும் அடுத்தது கலைய நூற்றுக்கு 25 முதல் 30 வரைதான் வாய்ப்பு என்று வந்தது. வயது ஏற ஏற இந்த எண்ணும் ஏறும் என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. ஆனாலும் பெரும்பாலோருக்கு நம்பிக்கை உண்டு என்பது நிலைத்துவிட்டது. 73க்கும் 30க்கும் உள்ள வித்தியாசத்தில் எத்தனை பெண்கள் அடுத்த முயற்சியையே கைவிட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பம்பாய் டாக்டரும் சென்னைப் பத்திரிகையும்

நம்மவர்கள் பெருமைப்பட வேண்டிய இடம் இது. நடு மாதங்களில், வலி அதிகம் இல்லாமலே, ஒரே மாதிரி கரு நழுவிப் போகிற பெண்களை பம்பாயில் டாக்டர் விட்டல் நாகேஷ் ஷிரோட்கர் கவனித்து வந்தார். ஓய்வாலும் ஹார்மோன் ஊசியாலும் அவர்களுக்குப் பயன் இல்லை. கருப்பை வாய் பலமின்றி முன்கூட்டியே திறந்துகொள்வதுதான் காரணம் என்று கண்டார். சுருக்குப் பையின் வாயைக் கட்டுவது போல, கர்ப்பம் இருக்கும்போதே கருப்பை வாயைச் சுற்றிக் கட்டிவிட்டு, பிரசவ காலத்தில் வழி விடலாம் என்று ஓர் அறுவை முறையை வகுத்தார். கட்டுவதற்குத் தொடையிலிருந்து எடுத்த தசையுறை நாடாவையே பயன்படுத்தினார்.

இந்த முறையை அவர் எங்கே வெளியிட்டார்? லண்டனில் இல்லை. 1955இல், சென்னையிலிருந்து வந்த 'தி ஆன்டிசெப்டிக்' என்னும் மருத்துவ மாத இதழில். டாக்டர் யு. ராம ராவ் 1904இல் தொடங்கிய பத்திரிகை அது. இரண்டு வருஷம் கழித்து ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மெக்டொனால்ட் இன்னும் எளிதான ஒரு தையலை வெளியிட்டார். இன்று உலகத்தில் எந்த மகப்பேறு மருத்துவரைக் கேட்டாலும் 'ஷிரோட்கர் தையல்' என்றால் தெரியும். எல்லாவிதக் கருச்சிதைவுக்கும் இது மருந்தல்ல. கருப்பை வாய் பலமில்லாதவர்களுக்கு மட்டும். எந்த இழப்பு எந்த மாதத்தில், எப்படி நேர்ந்தது என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்ததால்தான் இந்தக் காரணமே பிடிபட்டது. அதாவது ஷிரோட்கர் பேரேட்டைப் பார்த்தார்.

இன்னொரு பெரியவரையும் சொல்லியாக வேண்டும். ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியார் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை இருந்தவர் என்று பலருக்கும் தெரியும். அவர் அடிப்படையில் மகப்பேறு மருத்துவர் என்பது சிலருக்கே தெரியும். அவர் பெயரும் கிருஷ்ண மேனன் பெயரும் தாங்கிய மகப்பேறு நூலை மருத்துவ மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வருகிறார்கள். 1961 பிப்ரவரியில் உலக சுகாதாரப் பேரவையின் 14ஆவது கூட்டம் இதே புது தில்லியில் நடந்தபோது அதற்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். நோய்களுக்கு எண் கொடுக்கிற அந்த நிறுவனத்தின் பேரவையில், தலைநகரில், தலைமை நாற்காலியில் ஒரு தமிழ் மகப்பேறு மருத்துவர் இருந்திருக்கிறார்.

'பழக்கம்' என்னும் சொல்

ஷிரோட்கரின் கட்டுரைத் தலைப்பிலேயே, 'பழக்கமாக' நேரும் கருச்சிதைவு என்ற பொருளில்தான் ஆங்கிலச் சொல் இருக்கிறது. அன்றைய மருத்துவ வழக்கு அது. ஐ.சி.டி. ஒன்பதாம் திருத்தம் 646.3 என்ற எண்ணில் 'ஹாபிச்சுவல் அபார்ட்டர்' என்று வைத்தது. 1990இல் ஒப்புதல் பெற்று 1994 முதல் நடப்புக்கு வந்த பத்தாம் திருத்தத்தில் அதே பெயருக்கு என் 96 என்ற எண். தமிழில் சொன்னால், 'வழக்கமாகக் கருக்கலைபவள்'. நோயைச் சொல்லவில்லை, ஆளைச் சொல்கிறது. குடிப்பழக்கம், பொய் சொல்லும் பழக்கம் என்பதுபோல இதையும் அவள் பழக்கம் என்கிறது.

இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது எந்தப் புத்தகத்திலும் அல்ல. எழுபதுகளில் என் மூத்த அக்காவுக்கு நான்கு தடவை கர்ப்பம் தங்கவில்லை. நான்காவது தடவை அவள் மாமியார் கூடத்தில் நின்று, "இவளுக்கு இதே வழக்கமாப் போச்சு" என்று சொன்னது பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனான என் காதில் விழுந்தது. பிறகு ஊரில் யார் வீட்டு வளைகாப்பானாலும் அக்கா உள்ளறையிலேயே இருந்துவிடுவாள். யாரும் போகச் சொல்லவில்லை; அவளாகவே போய்விடுவாள். எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சோதித்துப் பார்க்கவில்லை. அவள் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் பழைய பஞ்சாங்கங்கள் இருந்தன. நான்கு இடத்தில் தேதிக்குப் பக்கத்தில் மையால் ஒரு புள்ளி. வேறு ஒன்றும் எழுதவில்லை. அவளுடைய பேரேடு அதுதான்.

அமெரிக்கா தன் ஆஸ்பத்திரிகளுக்காக மாற்றி அமைத்துக்கொண்ட ஐ.சி.டி. பத்தில் அதே என் 96க்குப் பெயர் 'தொடர் கர்ப்ப இழப்பு'. 2022 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்த பதினோராம் திருத்தத்திலும், ஜி.ஏ. 33 என்ற எண்ணில், அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள். ஆளின் பெயர் போய் நேர்ந்ததன் பெயர் வந்திருக்கிறது. சின்ன மாற்றம்தானே என்று தோன்றலாம். அக்காவின் மாமியார் குரலைக் கேட்டவனுக்குச் சின்னதாகத் தோன்றாது.

எண் போடுகிறவரின் கை

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் 'மெடிக்கல் கோடிங்' வேலை பார்க்கிறார்கள். அமெரிக்க நோயாளிகளின் பதிவுகளைப் படித்து ஐ.சி.டி. எண் போடுவது அந்த வேலை. என் தங்கை மகனும் அதில் இருக்கிறான். அவன் எனக்கு விளக்கினான்.

"மாமா, ஒரு தடவை கலைஞ்சா அது ஓ 03. மூணு தடவை மூணு ஆஸ்பத்திரிக்குப் போனா மூணு தடவையும் ஓ 03தான் வரும். இப்ப கர்ப்பம் இல்லாத நேரத்துல, ஏன் இப்படி ஆகுதுன்னு சோதிக்க வந்தா என் 96. அதே பொண்ணு மறுபடி உண்டாகி வந்தா ஓ 26.2. ஆனா டாக்டர் 'தொடர் இழப்பு'ன்னு கைப்பட எழுதினாத்தான் நாங்க போடலாம். நாங்களா ஊகிச்சுப் போடக் கூடாது. சந்தேகம்னா டாக்டரைத்தான் திருப்பிக் கேக்கணும்."

அவன் இன்னொன்றும் சொன்னான். மருத்துவர் சீட்டில் 'ஜி 4 பி 0 ஏ 3' என்று சுருக்கமாக எழுதுவார்கள். உண்டானது நான்கு, பிரசவம் இல்லை, கலைந்தது மூன்று என்று பொருள். அதைப் பார்த்ததுமே எண் போடுகிறவருக்கு விஷயம் விளங்கிவிடும். இருந்தாலும் நோயின் பெயரை மருத்துவர் எழுதாதவரை அவர் கை கட்டிப்போட்டதுதான்.

எத்தனை முறை போனால் 'தொடர்' என்பது? இதில் ஒருமித்த கருத்து இல்லை. மூன்று முறை தொடர்ச்சியாக என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2011இல் வைத்திருந்தது. 2023இல், மூன்றும் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை என்று தளர்த்தியது. ஐரோப்பிய மனித இனப்பெருக்கச் சங்கம் 2017இல் இரண்டு போதும் என்றது. அமெரிக்கச் சங்கமும் இரண்டு என்கிறது. மூன்றாவது இழப்பு வரை ஒரு பெண்ணைக் காக்க வைப்பதா என்ற கேள்வி இந்த எண்ணுக்குள்ளே இருக்கிறது.

பெயர் எழுதிவிட்டால் சோதனை வரிசை தொடங்கும். கணவன் மனைவி இருவருக்கும் குரோமோசோம் பார்க்கலாம். குறை ஆண் பக்கமும் இருக்கலாம் என்பதை நம்மவர்கள் மறக்கக் கூடாது. தைராய்டு, சர்க்கரை பார்ப்பார்கள். கருப்பையின் அமைப்பைப் படம் எடுப்பார்கள். ரத்தம் உறையும் தன்மையைப் பாதிக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் என்னும் எதிர்ப்பொருளைத் தேடுவார்கள். லண்டனில் கிரஹாம் ஹியூஸ் குழுவினர் 1983இல் விவரித்த நோய் இது. ஆஸ்பிரினும் ஹெப்பரின் ஊசியும் கொடுத்துப் பல பெண்கள் பிள்ளை பெறுகிறார்கள். இவ்வளவும் பார்த்தும் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. காரணம் தெரியாதவர்களுக்கும் அடுத்த கர்ப்பம் தங்குகிற வாய்ப்பு நன்றாகவே உண்டு.

எங்கள் வீட்டுக் காகிதங்கள்

என் மருமகளுக்கு 2014க்கும் 2017க்கும் இடையில் மூன்று தடவை இப்படி ஆயிற்று. ஒன்று தில்லியில், ஒன்று தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது சென்னையில், மூன்றாவது மறுபடி தில்லியில் வேறோர் இடத்தில். மூன்று இடத்திலும் மரியாதையாக நடத்தினார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒரே மாதிரி ஒரு வரிதான்: கருச்சிதைவு, நிலைமை திருப்தி. ஒன்றில்கூட முந்தியது பற்றிப் பேச்சில்லை. எங்கள் பேரிலும் தப்பு. போன இடத்தில் பழைய காகிதத்தைக் காட்டவில்லை. கெட்டதை ஏன் கிளற வேண்டும் என்று என் மனைவி பீரோவுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்வாய் நகர் வீட்டில் அந்தக் காகிதங்களை எடுத்துத் தேதி வாரியாக அடுக்கி, ஒரு பக்கத்தில் கையால் எழுதினேன்: தேதி, எத்தனையாவது வாரம், வலி இருந்ததா, ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்ததா. மருமகள் எனக்குச் சொல்லக் கூச்சப்பட்டு என் மனைவியிடம் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்தப் பக்கத்தை ஒரு பெண் மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் இரண்டு நிமிஷம் படித்துவிட்டு, சீட்டின் தலையில் 'தொடர் கர்ப்ப இழப்பு' என்று எழுதினார். மகனுக்கும் மருமகளுக்கும் சோதனை எழுதினார். எதிலும் ஒன்றும் தென்படவில்லை. "காரணம் கிடைக்கவில்லை என்றால் கெட்ட செய்தி அல்ல. இது உன்னால் ஆனது இல்லை அம்மா" என்று மருமகளிடம் சொன்னார். அவள் அன்றைக்குத்தான் எங்கள் முன்னால் அழுதாள். 2019இல் பேத்தி பிறந்தாள். அக்கா இருந்திருந்தால் இவளுக்கு அவள்தான் முதல் வளையல் போட்டிருப்பாள்.

கிட்வாய் நகரில் பழைய அரசு குவார்ட்டர்ஸ் இடிபட்டு அடுக்குமாடி எழும்பிவிட்டது. ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் எய்ம்ஸும் சப்தர்ஜங்கும் இருக்கின்றன. இந்தியாவிலேயே பெரிய ஆஸ்பத்திரிகள் கூப்பிடு தூரத்தில் இருந்தும் வீட்டுப் பீரோவில் காகிதம் தூங்கினால் பயன் இல்லை. ஆகவே இரண்டு சொல்லி முடிக்கிறேன். ஒன்று, ஒவ்வோர் இழப்பின் காகிதத்தையும் ஒரே கோப்பில் வையுங்கள். புதிய மருத்துவரிடம் முதலில் அதை நீட்டுங்கள். இரண்டாவது இழப்பிலேயே, 'சோதனை செய்யலாமா' என்று வாய் திறந்து கேளுங்கள். மற்றொன்று, அரசு வேலையில் இருக்கும் நம் பெண்களுக்கு. 1972ஆம் ஆண்டு மத்திய அரசு விடுமுறை விதிகளில் 43ஆம் விதி, கருச்சிதைவுக்கு மருத்துவச் சான்றின் பேரில் விடுமுறை தருகிறது. ஆனால் பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 45 நாள்தான். மூன்று நான்கு முறை இழப்பவள் ஒருத்தி இருப்பாள் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். பேரேட்டில் அவள் பெயர் ஏறினால்தான் அந்த விதியும் ஒருநாள் திருந்தும்.

நாள்வழியில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றுங்கள். அதற்கு 'வழக்கம்' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.